கார் இருக்கையை முன்பக்கம் திருப்புவது எப்போது? வயதைப் பார்க்காதீர்கள், இருக்கையின் அளவைப் பாருங்கள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தி முதல் பிறந்தநாளும் முடிந்த கையோடு எழும் கேள்விகளில் ஒன்று, “இனி கார் சீட்டை முன்னால் திருப்பிவிடலாமா?” என்பது. பக்கத்து வீட்டில் திருப்பிவிட்டார்கள், அலுவலக நண்பர் திருப்பிவிட்டார், குழந்தை வேறு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இப்படித்தான் பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு எடுக்கப்படுகிறது. நடை பழகுவதையும் பேச்சு வருவதையும் போல இதையும் குழந்தையின் வளர்ச்சியில் ஒரு படியாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், இருக்கையை முன்னோக்கித் திருப்பும் நாளில் குழந்தை தன் பாதுகாப்பில் ஒரு பகுதியை இழக்கிறது. அந்த இழப்பு தவிர்க்க முடியாததாகும் நாள் வரை காத்திருப்பதும், அந்த நாள் எது என்பதை அளந்து கண்டுபிடிப்பதும், வந்தபின் பிழையில்லாமல் திருப்புவதும்தான் பெற்றோர் செய்ய வேண்டியவை. அமெரிக்க நடைமுறையை வைத்து எழுதுகிறேன். இந்தியப் பயணத்துக்கு வேண்டியதைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

பின்னோக்கி அமர்வதில் என்ன நன்மை?

நம்மூர் டவுன் பஸ்ஸில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் அடித்தால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் பார்த்து நிற்பவர்கள் கம்பியைப் பிடித்திருந்தாலும் தலைகுப்புற முன்னே சாய்கிறார்கள். ஓட்டுநருக்கு முதுகைக் காட்டி, தடுப்பில் சாய்ந்து நிற்பவருக்கோ அந்தத் தடுப்பே முதுகையும் தலையையும் தாங்கிக்கொள்கிறது. காரிலும் இதுதான் நடக்கிறது. கடுமையான காயங்களை உண்டாக்கும் விபத்துகளில் காரின் முன்பக்கம் மோதுபவை பெரும்பங்கு வகிக்கின்றன. அப்போது முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தோளையும் இடுப்பையும் பட்டைகள் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அது முன்னே வீசப்பட, அந்த இழுப்பு முழுவதும் கழுத்தின் மீது விழுகிறது. பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு இருக்கையின் முதுகுப் பகுதியே தலை, கழுத்து, தண்டுவடம் மூன்றையும் ஒன்றாகத் தாங்கி விசையைப் பரப்பிவிடுகிறது.

பெரியவர்களைவிடச் சிறு குழந்தைக்கு இது ஏன் அதிகம் தேவைப்படுகிறது? பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பெரிய தலையைச் சுமக்கும் கழுத்தெலும்புகளோ, சிறு வயதில் குருத்தெலும்பால் இணைக்கப்பட்ட தனித்தனித் துண்டுகளாகவே இருக்கின்றன. அவை ஒன்றாக இறுகுவது ஏறத்தாழ 3 முதல் 6 வயதுக்குள். ஒன்றரை வயதுக் குழந்தை எவ்வளவு துறுதுறுப்பாக ஓடியாடினாலும், அதன் கழுத்தெலும்பு இறுகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

இந்த எண்ணம் சுவீடனில் 1960களிலேயே உருவெடுத்தது. பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், விண்வெளி வீரர்கள் விசையை முதுகால் தாங்கும்படி அமர வைக்கப்படுவதைக் கண்டு, குழந்தைகளுக்கும் அதே முறையில் இருக்கை அமைத்துப் பார்த்தார். அந்நாட்டில் நான்கு வயது வரைகூடப் பின்னோக்கி அமர்த்துவது இன்றும் சாதாரண வழக்கம்.

ஒரு சிறு எச்சரிக்கை. “பின்னோக்கி அமர்வது ஐந்து மடங்கு பாதுகாப்பு” என்ற வாசகத்தை நீங்கள் பல இடங்களில் படித்திருக்கலாம். அது 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவியது. கணக்கீட்டில் பிழை இருப்பது பின்னர் தெரியவந்து, அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. மறு ஆய்விலும் பின்னோக்கி அமர்வதன் பக்கமே சாய்வு இருந்தது. ஆனால் அந்த வயதில் கடுமையாகக் காயம்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், இத்தனை மடங்கு என்று உறுதியாகச் சொல்ல இடமில்லை. ஆகவே உறவினரிடம் வாதாடும்போது இந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டாம். மேலே சொன்ன இயற்பியலும் உடற்கூறுமே போதுமான வாதம்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்த வகை இருக்கை?

கைப்பிடியோடு தூக்கிச் செல்லும் கூடை போன்ற இருக்கையைத்தான் பெரும்பாலோர் மருத்துவமனையிலிருந்து வரும்போது பயன்படுத்துகிறார்கள். அது பின்னோக்கி மட்டுமே பொருத்தக்கூடியது. அதன் உயர வரம்பு பெரும்பாலும் 30 அல்லது 32 அங்குலம், அதாவது 76 அல்லது 81 சென்டிமீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஓர் ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் 12 மாதத்தில் 76 சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. ஆகவே முதல் பிறந்தநாளை ஒட்டிக் கூடை சிறிதாகிப் போவது இயல்பு.

பலர் தடுமாறுவது இங்கேதான். கூடை சிறிதாகிவிட்டதென்றால் குழந்தை முன்னோக்கி அமரத் தயாராகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கூடைக்கு அடுத்தது, இருபுறமும் பொருத்தக்கூடிய ‘கன்வெர்டிபிள்’ இருக்கை. அதையும் முதலில் பின்னோக்கியே பொருத்த வேண்டும். இருக்கைதான் மாறுகிறது, திசை மாறுவதில்லை.

இரண்டாம் படி: ஒட்டுத்தாளையும் கையேட்டையும் படியுங்கள்

கன்வெர்டிபிள் இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில், பின்னோக்கிய நிலைக்கும் முன்னோக்கிய நிலைக்கும் தனித்தனியாக எடை, உயர வரம்புகள் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் விற்பனையாகும் பல இருக்கைகள் பின்னோக்கிய நிலையில் 40 பவுண்டு வரையும், சில 50 பவுண்டு வரையும் அனுமதிக்கின்றன. அதாவது ஏறத்தாழ 18 கிலோவும் 22.7 கிலோவும். முன்னோக்கிய நிலைக்கென்று குறைந்தபட்ச வயதும் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். சில தயாரிப்பாளர்கள் அந்த வயதை இரண்டு என்றே வைத்திருக்கிறார்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால், ஒட்டுத்தாளில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதே தாளில் காலாவதித் தேதியும் இருக்கும். பழைய இருக்கையை உறவினரிடமிருந்து வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாம் படி: குழந்தையை அளந்து பாருங்கள்

எடை, உயரம், தலைக்கு மேல் உள்ள இடைவெளி ஆகிய மூன்றில் எது முதலில் வரம்பைத் தொடுகிறதோ, அன்றோடு பின்னோக்கிய காலம் முடிகிறது. எடைக்கும் உயரத்துக்கும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. 12, 15, 18, 24, 30 மாதங்களில் குழந்தை மருத்துவரிடம் செல்லும்போது எழுதித் தரும் எண்களைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது அளவு காரில்தான் எடுக்கப்பட வேண்டும். குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தி, முதுகும் இடுப்பும் இருக்கையோடு நன்றாகப் படியும்படி பட்டையைப் பூட்டிவிட்டு, உச்சந்தலையின் மேல் ஓர் அட்டையைக் கிடையாக வைத்து, அது இருக்கையின் ஓடு எனப்படும் கடினமான முதுகுக் கூட்டைத் தொடும் இடத்திலிருந்து ஓட்டின் மேல்விளிம்பு வரை அளவுகோலால் அளக்கவும். பெரும்பாலான இருக்கைகளில் அந்த இடைவெளி குறைந்தது ஓர் அங்குலம் இருக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இதைத் தலையணைப் பகுதியின் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்வார்கள், சிலர் வேறு அளவு சொல்வார்கள். உங்கள் கையேடு சொல்வதே இறுதி.

நடைமுறையில் எந்த வரம்பு முதலில் வரும்? அதே வளர்ச்சி அட்டவணையில் இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5 கிலோ, நான்கு வயதில் இருவருக்கும் 16 கிலோவுக்குச் சற்று மேல். 40 பவுண்டு என்ற 18 கிலோ வரம்பை ஒரு நடுத்தரக் குழந்தை எட்டுவதற்கு ஐந்து வயதை நெருங்க வேண்டும். ஆகவே பெரும்பாலான குழந்தைகளுக்கு எடைக்கு முன்னால் உயரமே தீர்ந்துபோகிறது. “எங்கள் பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல இருப்பான், அதனால் சீக்கிரம் திருப்ப வேண்டியதாயிற்று” என்று சொல்பவர்களிடம் தராசு எண்ணைக் கேட்டால், பெரும்பாலும் அது வரம்புக்கு இரண்டு மூன்று கிலோ கீழேதான் நிற்கும்.

நான்காம் படி: உங்கள் மாநிலச் சட்டம்

கலிஃபோர்னியாவில் 2017 முதல், 40 பவுண்டு எடையையோ 40 அங்குல உயரத்தையோ எட்டாத இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பின்னோக்கியே அமர்த்தப்பட வேண்டும். நியூ ஜெர்சி சட்டமும் இரண்டு வயதோடு ஓர் எடை வரம்பையும் வைக்கிறது. நியூயார்க்கிலும் 2019 முதல் இரண்டு வயது விதி இருக்கிறது. டெக்சாஸ் சட்டமோ குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்குகிறதே தவிர, திசைக்கென்று வயது எதையும் குறிப்பிடவில்லை.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம் மட்டுமே. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் “இரண்டு வயது வரை” என்று பரிந்துரைத்தது; 2018இல் அந்த வயதையும் எடுத்துவிட்டு, இருக்கையின் வரம்பு அனுமதிக்கும் வரை பின்னோக்கியே அமர்த்துங்கள் என்று மாற்றிக்கொண்டது. இரண்டாம் பிறந்தநாளன்று கேக் வெட்டிவிட்டுக் காருக்குப் போய் இருக்கையைத் திருப்புபவர்கள், காலாவதியான பரிந்துரையைப் பின்பற்றுகிறார்கள்.

ஐந்தாம் படி: வீட்டில் எழும் ஆட்சேபங்கள்

“காலை மடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்காரும், பாவம்” என்று எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த பாட்டி ஒவ்வொரு பயணத்திலும் சொல்வார். அதே குழந்தை வீட்டுக்குள் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் பொம்மையோடு உட்கார்ந்திருக்கும். தவளைபோலக் காலை இருபுறமும் விரித்துக் குந்தியிருக்கும். மூட்டுகள் வளையும் வயது அது, நமக்குத்தான் அதைப் பார்க்க வலிக்கிறது. கால் முறிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. முன்னோக்கி அமர்ந்த குழந்தைகளுக்கே, கால்கள் முன்னிருக்கையின் முதுகில் வீசி அடிப்பதால், கால் காயங்கள் அதிகம். அப்படியே முறிந்தாலும் கால் எலும்பு கூடிவிடும். கழுத்துத் தண்டுவடம் அப்படியல்ல.

“பின்னாலிருந்து இடித்தால்?” என்பது நியாயமான கேள்வி. பின்மோதல்கள் பொதுவாக விசை குறைந்தவை, இரு வாகனங்களும் ஒரே திசையில் செல்வதால். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட சோதனைகளில், பின்மோதலிலும் பின்னோக்கிய இருக்கை குழந்தையின் தலையையும் கழுத்தையும் காக்கவே செய்தது.

அழுகைதான் உண்மையிலேயே கடினமானது. நாற்பது நிமிடம் வீறிடும் குழந்தையோடு நெடுஞ்சாலையில் ஓட்டியவர்களிடம் தத்துவம் பேசிப் பயனில்லை. ஆனால் அழுகைக்குக் காரணம் திசைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். தோளுக்கு மேலே நிற்கும் பட்டை, தொடையை உறுத்தும் பக்கிள், பிறந்த குழந்தைக்கென்று வைத்து இன்னும் எடுக்காமல் விட்ட கூடுதல் மெத்தை, வெயில் நேராக முகத்தில் விழும் சன்னல் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு, கையேடு அனுமதிக்கும் அளவுக்கு இருக்கையைச் சற்று நிமிர்த்திப் பாருங்கள். வளர்ந்த குழந்தைக்குப் பச்சைக் குழந்தையின் சாய்வு தேவையில்லை. நிமிர்ந்தால் சன்னல் வழியே வெளியே பார்க்க முடியும். பெரும்பாலான அழுகைகள் அங்கேயே அடங்கிவிடுகின்றன.

ஆறாம் படி: வரம்பு உண்மையிலேயே வந்துவிட்டால்

குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகாத நிலையில் உயரம் தீர்ந்துபோனால், திருப்புவதற்கு முன் ஓட்டு உயரம் அதிகமுள்ள வேறொரு கன்வெர்டிபிள் இருக்கையை வாங்க முடியுமா என்று யோசிக்கலாம். விலை உயர்ந்ததுதான் வேண்டுமென்பதில்லை. அமெரிக்காவில் விற்கப்படும் எல்லா இருக்கைகளும் அரசின் ஒரே மோதல் விதியை நிறைவு செய்தாக வேண்டியவை. விலை வேறுபாட்டில் பெரும்பகுதி துணிக்கும் வசதிக்கும் உரியது. குழந்தைக்கு மூன்று, மூன்றரை வயதாகி வரம்பு வந்திருந்தால், என் கருத்தில், புதிய இருக்கை வாங்காமல் இருப்பதையே நிம்மதியாகத் திருப்பலாம்.

ஏழாம் படி: திருப்புவது

இதை அவசரமாகச் செய்யக் கூடாது. ஒரு விடுமுறை நாள் காலையில் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நான் முதல் முறை திருப்பியபோது தோள்பட்டைகளின் உயரத்தை மாற்றாமலேயே பூட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்தே கவனித்தேன். எத்தனை வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன என்பதை முன்கூட்டி அறியாததே காரணம்.

காரின் பெல்ட் இருக்கைக்குள் நுழையும் வழி மாறுகிறது. பின்னோக்கிய நிலைக்குக் குழந்தையின் கால்பக்கம் ஒரு வழியும், முன்னோக்கிய நிலைக்கு முதுகின் பின்னால் வேறொரு வழியும் இருக்கும். பல இருக்கைகளில் இவை நீலம், சிவப்பு நிறங்களில் குறிக்கப்பட்டிருக்கும். சாய்வும் மாறும், முன்னோக்கிய நிலையில் பெரும்பாலும் நிமிர்த்தி வைக்க வேண்டும். பின்னோக்கிய நிலைக்கென்று கூடுதல் தடுப்புக் கம்பி வந்திருந்தால், அதைக் கழற்ற வேண்டுமா என்று பாருங்கள்.

தோள்பட்டைகள் பின்னோக்கிய நிலையில் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ புறப்பட வேண்டும். முன்னோக்கிய நிலையில் தோள் மட்டத்திலோ அதற்கு மேலேயோ புறப்பட வேண்டும். காரணம் எளிது. பின்னோக்கி அமர்ந்த குழந்தை மோதலில் முதுகு ஓட்டின்மேல் மேல்நோக்கி வழுக்கும், கீழிருந்து வரும் பட்டை அதைப் பிடித்து நிறுத்தும். முன்னோக்கி அமர்ந்த குழந்தை முன்னே பாயும். பட்டை தோளுக்குக் கீழிருந்து வந்தால் அது தோளைக் கீழ்நோக்கி இழுத்துத் தண்டுவடத்தை அழுத்தும்.

அடுத்தது, மேல்நாடா. ‘டாப் டெதர்’ என்று அழைக்கப்படும் இந்த நாடா, இருக்கையின் உச்சியிலிருந்து காரின் பின்பகுதியிலுள்ள கொக்கிக்குச் செல்வது. முன்னோக்கிய நிலையில் பலர் மறந்துவிடுவதும், மறக்கவே கூடாததும் இதுதான். இதை மாட்டினால் மோதலின்போது தலை முன்னே பாயும் தூரம் 4 முதல் 6 அங்குலம் குறைகிறது. முன்னிருக்கையின் முதுகில் தலை இடிப்பதற்கும் இடிக்காமல் நிற்பதற்கும் இடையே உள்ள தூரம் பல நேரங்களில் அவ்வளவுதான். செடான் காரில் கொக்கி பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் மூடியிட்டு இருக்கும். எஸ்யூவி, மினிவேன்களில் இருக்கையின் முதுகிலோ தரையிலோ கூரையிலோ இருக்கும். சாமான்களைக் கட்டும் வளையம் அருகிலேயே இருக்கக்கூடும் என்பதால், நங்கூரக் குறியைப் பார்த்து மாட்டுங்கள்.

இருக்கையைக் காரோடு பிணைக்கக் கீழ்க்கொக்கிகள் (காரின் பின்சீட்டு மடிப்பிலுள்ள கம்பிகளில் மாட்டுபவை) அல்லது காரின் பெல்ட், இரண்டில் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும்; கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலன்றி இரண்டையும் சேர்க்கக் கூடாது. அமெரிக்காவில் கீழ்க்கொக்கிகளுக்குக் குழந்தையும் இருக்கையும் சேர்ந்து 65 பவுண்டு என்பது பொது வரம்பு. இருக்கையே 25 பவுண்டு எடையுள்ளதாக இருந்தால் குழந்தை 40 பவுண்டை எட்டும்போது பெல்ட்டுக்கு மாறிவிட வேண்டும். அப்போதும் மேல்நாடா இருக்கட்டும். பெல்ட்டால் கட்டும்போது தோள்பகுதியை முழுவதும் வெளியே இழுத்துவிட்டுத் திரும்ப உள்ளே விட்டால், டிக் டிக் என்ற ஒலியோடு அது பூட்டுநிலைக்கு வரும்.

கட்டிய பின், பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து அசைத்தால் எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. உச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது தவறான சோதனை. குழந்தையை அமர்த்திப் பட்டையை இறுக்கிய பின், தோளருகே பட்டையை இரு விரல்களால் நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள்; துணி மடிப்பாகக் கையில் வந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது. மார்புக் கிளிப் அக்குள் மட்டத்தில் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் பஞ்சு அடைத்த கோட்டோடு பட்டையைப் பூட்டாதீர்கள். மோதலில் பஞ்சு அமுங்கி, பட்டை தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றிப் பூட்டிவிட்டு, அதையே போர்வைபோல மேலே போர்த்தலாம்.

ஐயமிருந்தால், சான்றிதழ் பெற்ற குழந்தை இருக்கைப் பொருத்துநர்கள் பல ஊர்களில் தீயணைப்பு நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இலவசமாகவே பார்த்துத் தருகிறார்கள். முன்கூட்டி நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

அமெரிக்க இருக்கையை இந்தியாவுக்குக் கொண்டு செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கார்களின் பெல்ட்டில் உள்ள அந்த டிக் டிக் பூட்டு, இந்தியக் கார்களின் பெல்ட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்கையிலேயே பெல்ட்டைப் பூட்டும் அமைப்பு இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் கீழ்க்கொக்கிகளை மாட்டும் ‘ஐசோஃபிக்ஸ்’ கம்பிகள் உள்ள வண்டியைக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. பல வாடகைக் கார்களில் பின்னிருக்கை பெல்ட்டின் பக்கிள் மெத்தைக்கு அடியிலோ துணி உறைக்குக் கீழோ புதைந்திருக்கும். விமான நிலையத்தில் நள்ளிரவில் தேடாமலிருக்க, வண்டி பேசும்போதே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

இடநெருக்கடியால் இருக்கையை முன்சீட்டில் வைக்கச் சொல்வார்கள். காற்றுப்பை இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய இருக்கையை எந்த நாட்டிலும் வைக்கக் கூடாது. அந்தப் பை விரியும் வேகம் இருக்கையின் ஓட்டை நேராகக் குழந்தையின் தலை இருக்கும் பக்கம் தாக்கும். மாமாவோ சித்தப்பாவோ முன்னால் உட்கார்ந்துகொள்ளட்டும், பெட்டி இன்னொரு வண்டியில் வரட்டும். பின்சீட்டின் இடம் குழந்தைக்கு.